ஒரே வகை, வேறு வேறு ஆட்கள்

போன இதழில் ஆளுமை வகைகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எங்கள் இருவருக்கும் ஒரே வகை என்று வந்தது, ஆனால் நாங்கள் கொஞ்சமும் ஒரே மாதிரி இல்லையே, ஏன்? கேட்ட விதம் மட்டும் ஆளுக்கொன்று. அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது என்றாலும் மீதிப் பாதியை எழுதாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள் என்பதால் இந்த முறை பக்கம் முழுக்க இதுதான்.

கேள்வி: நானும் என் தோழியும் ஒரே நாளில் எம்பிடிஐ (ஆட்களை நாலெழுத்துப் பெயருள்ள வகைகளில் ஒன்றில் சேர்க்கும் ஆளுமைக் கேள்வித்தாள்) டெஸ்ட் எடுத்தோம். இருவருக்கும் ஐஎன்எஃப்ஜே என்ற வகை வந்தது. ஆனால் நான் எதையும் மனசுக்குள்ளேயே போட்டு நாள்கணக்கில் குமைவேன், அவளோ அப்போதே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மறந்துவிடுவாள். யாருக்கோ தப்பாக வந்திருக்கிறதா? (கல்லூரி மாணவி)

யாருக்கும் தப்பாக வந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான், ஆனால் இரண்டும் ஒரே விரல் என்று ஒரு டெஸ்ட் சொன்ன பிறகும் ஏன் வேறாக இருக்கிறது என்பதல்லவா உங்கள் கேள்வி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உலகத்தில் 800 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறோம், எம்பிடிஐ சொல்லும் வகைகள் 16. சராசரி பார்த்தால் வகைக்கு 50 கோடிப் பேர். சில வகையில் கூட்டம் அதிகம், சிலதில் குறைவு, அது இருக்கட்டும். 50 கோடிப் பேருக்கும் பொருந்துகிற மாதிரி நாலு எழுத்தில் எவ்வளவு சொல்லிவிட முடியும் என்று யோசியுங்கள்.

அந்த எழுத்து எப்படி விழுகிறது என்பதுதான் முக்கியம். உங்கள் கவனம் வெளியே ஓடுகிறதா உள்ளே திரும்புகிறதா, கண்ணெதிரே உள்ள விவரத்தை நம்புகிறீர்களா அதன் பின்னால் இருக்கும் சாத்தியத்தையா, முடிவெடுக்கும்போது தர்க்கம் முந்துகிறதா மனிதர்கள் முந்துகிறார்களா, ஒரு விஷயத்தை முடித்து மூடிவைத்தால் நிம்மதியா திறந்தே வைத்திருந்தால் நிம்மதியா. இந்த நாலுக்கும் ஒவ்வோர் அளவுகோல், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் என்றால் இன்னோர் எழுத்து. உங்கள் ஐஎன்எஃப்ஜேயில் ஐ என்றால் உள்முகம், என் என்றால் சாத்தியம், எஃப் என்றால் மனிதர்கள், ஜே என்றால் முடித்து மூடிவைப்பது. ஆனால் மனிதர்கள் அப்படி இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. பல பேருடைய மதிப்பெண்களை வரைந்து பார்த்தால் இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி வராது, ஒற்றைத் திமில்தான், பெருங்கூட்டம் நடுக்கோட்டைச் சுற்றித்தான் இருக்கும். விளைவு என்ன? கோட்டை ஒட்டி இந்தப் பக்கம் நிற்பவருக்கும் எங்கோ கடைசியில் ஒதுங்கி நிற்பவருக்கும் ஒரே எழுத்து. கோட்டின் இருபுறமும் தோளுரச நிற்கும் இரண்டு பேருக்கு வேறு வேறு எழுத்து. உங்கள் தோழி உள்முகப் பக்கம் ஓரடி வைத்தவராக இருக்கலாம், நீங்கள் அங்கேயே குடியிருப்பவராக இருக்கலாம். (உள்முகம், வெளிமுகம் என்ற இந்தப் பிரிவினையைப் பிரபலமாக்கிய உளவியலாளர் கார்ல் யுங்கே, முழுக்க உள்முகமான ஆளும் முழுக்க வெளிமுகமான ஆளும் உலகத்தில் கிடையாது என்றுதான் சொன்னார். அவர் 1921ல் எழுதியதை வைத்துக் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் கேள்வித்தாள் ஆக்கியபோதுதான் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.)

சரி, இருவரும் அளவுகோலில் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அங்கே வந்து சேர்ந்த வழி வேறாக இருக்கலாம். எம்பிடிஐயின் விரிவான வடிவமான இரண்டாம் படியில் (ஸ்டெப் டூ) ஒவ்வோர் எழுத்து ஜோடியையும் ஐந்து உட்கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். உள்முகம், வெளிமுகத்துக்கு மட்டும் பாருங்கள்: தானே போய்ப் பேச்சைத் தொடங்குவதா பிறர் வரக் காத்திருப்பதா, உணர்ச்சியை வெளியே காட்டுவதா அடக்கிக்கொள்வதா, பலரோடு பழகுவதா சிலரோடு நெருங்குவதா, இறங்கிச் செய்து கற்பதா ஒதுங்கிக் கவனித்துக் கற்பதா, கலகலப்பா அமைதியா. உங்கள் தோழி இதில் நாலில் உள்முகமாகவும் காட்டுவதா அடக்குவதா என்பதில் மட்டும் வெளிமுகமாகவும் இருந்தால்? எழுத்து மாறாது, ஆனால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஒரு பேச்சுக்கு, ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து எழுத்துதான் விழும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்தை வாங்க 16 வழி, நாலு எழுத்துக்கு 16ஐ நாலு முறை பெருக்க வேண்டும். ஐஎன்எஃப்ஜேயாக இருக்க 65,536 வழிகள்! எம்பிடிஐ எழுத்தைக் கணக்கிடுவது உண்மையில் இப்படி இல்லைதான், ஆனால் ஒரு வகைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது புரியும்.

இன்னும் முடியவில்லை, உங்கள் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவதே இனிதான். குமைவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த டெஸ்ட் கேட்கவே இல்லை. ஆளுமை ஆராய்ச்சியாளர்கள் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது ஐந்து பெருங்கூறுகளை: புதுமைக்கு மனம் திறந்திருப்பது, பொறுப்பு, வெளிமுகம், இணக்கம், ஐந்தாவதாக மனம் எவ்வளவு சீக்கிரம் கவலையிலும் கலக்கத்திலும் விழுகிறது என்பது. ராபர்ட் மெக்ரேயும் பால் கோஸ்டாவும் 1989ல் எம்பிடிஐயை இந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாலு எழுத்து ஜோடிகளும் நாலு பெருங்கூறுகளோடு ஓரளவு பொருந்தின, ஐந்தாவதான கலக்கத்துக்கு மட்டும் எழுத்தே இல்லை. எந்த வகையும் மட்டமானதாகத் தெரியக்கூடாது, ஒவ்வொன்றும் ஒரு வரமாகவே இருக்க வேண்டும் என்பது இசபெல் மையர்ஸின் விருப்பம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதனால் உங்களையும் உங்கள் தோழியையும் பிரிக்கிற முக்கியமான ஒன்று கணக்கிலேயே சேரவில்லை.

கேள்வி: மூன்று முறை எடுத்தேன், மூன்று வகை வந்தது. நான் யார்தான்? (பெயர் வேண்டாம் என்றவர்)

மூன்று முறையும் எந்த எழுத்து மாறியது என்று பாருங்கள். ஒன்றோ இரண்டோதான் மாறியிருக்கும், அந்த அளவுகோல்களில் நீங்கள் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு கேள்விக்குக் காலையில் ஆமாம், சாயங்காலம் இல்லை என்று சொன்னாலே எழுத்து புரண்டுவிடும். டேவிட் பிட்டெஞ்சர் என்ற உளவியலாளர் 1993ல் எழுதிய விமர்சனத்தில், ஐந்தே வாரம் கழித்து மறுபடி எழுதினால்கூட 50 சதவீதம் பேர் வரை வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று காட்டினார். அந்த ஐந்து வாரத்தில் ஆளா மாறிவிட்டார்? எழுத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: நான் இன்ட்ரோவர்ட் (உள்முகமான ஆள்). என் அக்காவும் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்கிறாள். ஆனால் அவள் நூறு பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசுகிறாள், எனக்குப் பத்துப் பேர் இருந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவள் பொய் இன்ட்ரோவர்ட்டா? (ஒரு தம்பி)

பொய்யெல்லாம் இல்லை. இன்ட்ரோவர்ட் என்கிற ஒரே சொல்லுக்குள் நாம் ரொம்ப விஷயத்தைத் திணித்துவிட்டோம், அதுதான் தொல்லை. ஜோனதன் சீக் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்து நாலு விதம் சொன்னார்கள். கூட்டத்தைவிடச் சிலரோடு இருப்பது பிடித்தவர், தன் நினைவுகளுக்குள்ளேயே உலவுகிறவர், கூட்டத்தில் பதற்றப்படுகிறவர், எதையும் நிதானமாக, யோசித்துத் தொடங்குகிறவர். உங்களுடையது மூன்றாவது மாதிரி தெரிகிறது, அதைக் கூச்சம் என்றும் சொல்லலாம். உங்கள் அக்காவுடையது முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்கும். தனிமை பிடிப்பது வேறு, மனிதர்களைக் கண்டு பயப்படுவது வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, அவர் மேடையில் இருப்பதை மட்டும்தான் பார்க்கிறீர்கள். வில்லியம் ஃப்ளீசன் 2001ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குப் பலமுறை 'இந்த நேரத்தில் நான் எப்படி நடந்துகொண்டேன்' என்று ஆட்களையே குறித்துவரச் சொன்னார். பார்த்தால், சாதாரண ஒரு மனிதர் சில நாட்களுக்குள்ளேயே மிக அமைதியிலிருந்து மிகக் கலகலப்பு வரை ஏறக்குறைய எல்லாப் படியிலும் ஏறி இறங்கியிருக்கிறார். ஆளுக்கு ஆள் மாறியது சராசரி. அதாவது இன்ட்ரோவர்ட் என்பது ஒருவர் அடிக்கடி எங்கே இருக்கிறார் என்பதற்கான பெயர், அங்கேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறார் என்பதற்கு அல்ல.

கனடாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் பிரையன் லிட்டில் பலத்த இன்ட்ரோவர்ட், ஆனால் வகுப்பெடுத்தால் அரங்கமே அதிரும். மனசுக்குப் பிடித்த ஒரு காரியத்துக்காக நாம் நம் இயல்புக்கு மாறாக நடந்துகொள்ள முடியும், அதற்குப் பிறகு எங்காவது போய் இளைப்பாற வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். அவர் எங்கே போவார் தெரியுமா? பேச்சு முடிந்த கையோடு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், யாரும் வந்து பேச்சுக் கொடுக்கக்கூடாதே! இதை அவரே பல மேடைகளில் (ஆமாம், மேடைகளில்தான்) சொல்லியிருக்கிறார். உங்கள் அக்கா மைக்கைக் கீழே வைத்த அரைமணி நேரம் கழித்து எங்கே இருக்கிறார் என்று ஒரு நாள் கவனியுங்கள்.

இதோடு சேர்த்து எனக்குப் பிடித்த ஒரு ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். வால்டர் மிஷல், யூய்ச்சி ஷோடா, ஜாக் ரைட் என்று மூவர் ஒரு கோடை முகாமில் குழந்தைகளைப் பக்கத்திலிருந்து நெடுநேரம் கவனித்து 1990களில் எழுதினார்கள். எவ்வளவு கோபப்படுகிறார்கள் என்று மட்டும் எண்ணாமல், எப்போது கோபப்படுகிறார்கள் என்றும் குறித்தார்கள்: சக பிள்ளைகள் சீண்டும்போதா, நட்பாக வரும்போதா, பெரியவர்கள் பாராட்டும்போதா, எச்சரிக்கும்போதா, தண்டிக்கும்போதா. மொத்தக் கணக்கில் ஒரே அளவு கோபக்காரர்களாக இருந்த இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குச் சீண்டினால் கோபம் வந்தது, இன்னொன்றுக்குப் பெரியவர்கள் அதட்டினால்தான் வந்தது. இரண்டையும் கோபக்காரப் பிள்ளை என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் அந்த இரண்டு பேரில் யாரையும் உங்களால் சமாதானப்படுத்த முடியாது. உங்களுக்கும் அக்காவுக்கும் இதையே செய்து பாருங்கள். எப்போது வாய் அடைத்துப்போகிறது? தெரியாதவர்கள் முன்னாலா, தெரிந்தவர்கள் முன்னாலா? தயார் செய்துகொண்டு பேசும்போதா, திடீரென்று கேட்கும்போதா? பல இன்ட்ரோவர்ட்டுகளுக்கு மேடை எளிது, மேடையை விட்டு இறங்கியபின் வரும் சும்மா பேச்சுதான் எமன்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். உருவத்தில் வித்தியாசமே தெரியாது. குணத்தில் மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்? ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே பெற்றோர்தானே? (ஒரு தாய்)

இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஆளுமையில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதத்தைத்தான் மரபணுவின் கணக்கில் எழுத முடிந்தது. மீதி சூழல். ஆனால் சூழல் என்றால் ஒரே வீடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வீட்டில் வளர்வது பிள்ளைகளை ஒருவர் மாதிரி ஒருவராக ஆக்குவது மிகக் குறைவு என்றுதான் இந்த மாதிரி ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒருத்தருக்கு மட்டும் வந்த காய்ச்சல், ஒருத்தருக்கு மட்டும் வாய்த்த நண்பன், ஒருத்தரை மட்டும் ஒரு ஆசிரியர் பாராட்டியது, இப்படி உங்களுக்கே தெரியாமல் நடந்தவை எத்தனையோ. நீங்கள் இருவரையும் ஒரே மாதிரிதான் நடத்தினீர்கள் என்பது சரியாகவே இருக்கலாம், அவர்கள் அதை ஒரே மாதிரி வாங்கிக்கொண்டார்களா என்பது வேறு.

கேள்வி: எனக்கும் நான் விரும்புகிறவருக்கும் ஒரே வகை. சண்டையே வராது அல்லவா? (ஒரு வாசகி)

வரும். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2010ல் வெளிவந்தது. குணம் ஒத்துப்போவதால் கிடைத்த கூடுதல் மகிழ்ச்சி மிக மிகச் சிறியது. அதைவிட அதிகம் கைகொடுத்தது, அவரவர் தன்னளவில் இணக்கமானவராக, பொறுப்பானவராக, எதற்கும் கலங்கிப்போகாதவராக இருந்தது. ஆகவே எழுத்துகள் ஒன்றா என்று பார்ப்பதைவிட, அவர் கோபத்தில் இருக்கும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றும்.

கேள்வி: என்னியகிராமில் (ஆட்களை ஒன்பது எண்களாகப் பிரிக்கும் இன்னோர் ஆளுமை முறை) நானும் என் நண்பனும் ஒன்பதில் ஆறாம் எண். நான் பயந்தாங்கொள்ளி, அவன் வம்புக்கு முதல் ஆள். இது எப்படிச் சாத்தியம்?

அந்த முறையை நம்புகிறவர்களிடம் இதற்குத் தயாராக விடை உண்டு. அங்கே எண் என்பது நடத்தையைக் குறிப்பதல்ல, அடியில் ஓடும் உந்துதலைக் குறிப்பது. ஆறுக்கு அடியில் ஓடுவது பயம், பாதுகாப்பைத் தேடுவது. ஒருவர் பயந்து ஒதுங்குவார், இன்னொருவர் பயத்தை நோக்கியே பாய்வார், இருவரையும் ஆறு என்றே சொல்வார்கள். இதற்கு மேல் பக்கத்து எண்ணின் சாயல் வேறு, ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று உட்பிரிவுகள் வேறு, உட்பிரிவுகள் மட்டுமே 27. என் அபிப்பிராயம்: நடத்தைக்கும் உந்துதலுக்கும் இடையில் கோடு போட்டது நல்ல காரியம், மனிதரைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் பயந்தாலும் ஆறு, பயப்படாமல் பாய்ந்தாலும் ஆறு என்றால் எப்போதுதான் அது தப்பாகும்? இந்தக் கேள்வியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெருங்கூறுகளுக்கு இருக்கும் ஆய்வு பலம் இதற்கு இல்லை.

கேள்வி: அலுவலகத்தில் எங்கள் வகையைக் கேட்டு அதன்படி வேலை பிரிக்கிறார்கள். ஒரே வகை என்பதால் எனக்கும் இன்னொருவருக்கும் ஒரே மாதிரி வேலை. எனக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை.

ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்று எம்பிடிஐயை வெளியிடுகிற நிறுவனமே சொல்கிறது. என்ன பிடிக்கும் என்பதைத்தான் அது கேட்கிறது, என்ன செய்ய வரும் என்பதை இல்லை. கணக்கில் புலியும் கணக்கென்றால் ஓடுகிறவரும் ஒரே வகையில் இருக்கலாம். இதை அவர்களிடம் அப்படியே சொல்லிவிட்டு, நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்த இரண்டு வேலைகளைக் காட்டி அதுமாதிரி கேளுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கு ஐஎன்டிபி. அந்த வகை பற்றிய வர்ணனையைப் படித்துவிட்டு "அப்படியே நானேதான்" என்று குதித்தான். அன்றிலிருந்து எந்த வீட்டு வேலை சொன்னாலும் "எங்கள் வகை அப்படித்தான், ஒழுங்குமுறை எங்களுக்கு ஒத்துவராது" என்கிறான். என்ன பதில் சொல்வது? (ஒரு தங்கை)

'அப்படியே நானேதான்' என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார், ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆளுமைக் குறிப்பு கொடுத்தார், எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு! ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள் அவை. வகை வர்ணனை எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பொருந்துகிற வரி கண்ணில் படும், பொருந்தாத வரி நழுவிவிடும்.

டான் மெக்ஆடம்ஸ் என்ற ஆய்வாளர் ஒருவரை அறிவதை மூன்று அடுக்காகப் பிரித்தார். குணக்கூறுகள் முதல் அடுக்கு மட்டும்தான். அதற்கு உள்ளே அவர் எதற்கு ஆசைப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார், எதை முக்கியம் என்று நினைக்கிறார், அதற்கும் உள்ளே தன் வாழ்க்கையைத் தனக்குத் தானே எப்படிக் கதையாகச் சொல்லிக்கொள்கிறார். ஒரே வகை ஆட்கள் பெரிதாக வேறுபடுவது இந்த உள் அடுக்குகளில்தான். ஒழுங்கு பிடிக்காத ஒருவருக்குத் தங்கை தனியாகக் கஷ்டப்படுவது அதைவிடப் பிடிக்காமல் இருக்கலாம், எழுந்து வந்துவிடுவார். இன்னொருவர் வரமாட்டார். இருவருக்கும் வகை ஒன்றுதான்.

உங்கள் அண்ணனிடம் இன்னொரு தகவலும் சொல்லுங்கள். எனக்கும் வந்தது அதே நாலு எழுத்து. நான் பாத்திரம் கழுவுகிறேன்.